மூன்றாம் வரிசை: குச்சிக்கிழங்குத் திசு வளர்ப்பில் நான்கு மாதம் ஒளிந்திருந்த பாக்டீரியா

சித்திரை மாதம். நான்காவது சப்கல்ச்சர் (செடியை வெட்டிப் புது மீடியாவுக்கு மாற்றுவது) முடிந்து ஒன்பதாம் நாள் காலை, வளர்ப்பு அறை ரேக்கிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். செடிக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு இலை, இரண்டு வெள்ளை வேர். தண்டு, ஊட்டக் கூழான மீடியாவுக்குள் இறங்கும் இடத்தில் மட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்ததுபோல வெளிறிய வளையம். பக்கத்துப் பாட்டிலிலும் அதே வளையம். அன்று மாலைக்குள் 47 பாட்டில் எண்ணினோம். மூன்றாம் வாரம் முடியும்போது 540-க்கு 181.

பூஞ்சை என்றால் இவ்வளவு திகைத்திருக்க மாட்டேன். பூஞ்சை நேர்மையான எதிரி. நான்காம் நாளே பஞ்சுபோல எழுந்து நின்று விடும். பாட்டிலைத் தூக்கி, நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது பாக்டீரியா. அதுவும் மூன்று சப்கல்ச்சர் சுத்தமாக வந்த செடிகளில். திசு வளர்ப்பில் இருப்பவர்கள் முதல் இரண்டு வாரத்துக் கணக்கைத்தான் பெருமையாகச் சொல்வோம்: “நூறு போட்டோம், எழுபது தேறிச்சு.” அந்த எழுபதில் எத்தனை உண்மையிலேயே தேறியது என்று நான்காம் மாதம் வரை யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எதற்காக வளர்த்தோம்

ஆத்தூர்ப் பக்கத்துச் சிறு ஆய்வகம். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் மேசை இரண்டு, உதவியாளர் மூன்று பேர். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்றால் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி. அதற்குப் பெரிய தொல்லை தேமல் நோய். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருண்டுபோகும். வெள்ளை ஈ பரப்புவது ஒரு பங்கு. நோய் பிடித்த செடியின் குச்சியையே வெட்டி மறு ஆண்டு நடுவதால், வயலிலிருந்து வயலுக்கு நாமே சுமந்து போவது இன்னொரு பங்கு. தேமல் இல்லாத நடவுக் குச்சி வேண்டும் என்று ஓர் உழவர் குழு கேட்டது.

வைரஸை விலக்க, செடியின் தளிர்முனையை மட்டும் எடுத்து வளர்க்கும் நுனி வளர்ப்பு என்ற யோசனை பழையது. 1952-இல் பிரான்சில் மோரேலும் மார்ட்டினும் டேலியா செடியில் அதைச் செய்து காட்டினார்கள். டேலியாவுக்கும் வேரில் கிழங்குதான் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். மரவள்ளியில் கார்த்தாவும் கேம்போர்க்கும் 1975-இல் செய்தார்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுனியை எடுத்து, தேமல் அறிகுறி இல்லாத செடி கொண்டுவந்தார்கள்.

நாங்கள் செய்தது அதில்லை. தேமல் சோதனையில் சுத்தமென்று வந்த ஆறு தாய்ச்செடிகளிலிருந்து கணுத்துண்டுகளை எடுத்தோம். வைரஸ் இல்லையென்றானபின் நுண்ணோக்கிக்கு அடியில் கண் வலிக்க நுனி எடுப்பானேன் என்பது என் கணக்கு. கணு வேகமாகப் பெருகும். கணுவுக்குள் நீரும் உணவும் ஓடும் தண்டின் நாளங்களும் இருக்கின்றன என்பதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மார்கழியில் தாய்ச்செடிக்கு 20 என்று 120 கணு. ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்தவை எல்லாம் ஒரு வரிசை; ஆய்வகப் பேச்சில் லைன். ஓடும் தண்ணீரில் கழுவி, பூஞ்சைக்கொல்லியான கார்பண்டாசிமில் ஊறவைத்து, ஆல்கஹாலில் அரை நிமிடம் முக்கி, பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட், கடைசியில் நான்கு முறை கிருமியற்ற நீரில் அலசல். முதல் இரண்டு வாரத்தில் பூஞ்சைக்கு 31, பாக்டீரியாவுக்கு 9 போனது. 80 நின்றது. கிழங்குப் பயிருக்கு இது நல்ல கணக்கு. மண்ணோடு உறவாடும் பயிர்கள் இவை. வள்ளிக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் எடுத்து வளர்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கிழங்கின் முளையிலிருந்து தொடங்கினால் பாதி தேறுவதே பெரும்பாடு என்பார்கள். மரவள்ளியில் தரைக்கு மேலே உள்ள தண்டை எடுப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறோம். ஆனால் அந்தத் தண்டு அறுவடைக்குப் பிறகு வாரக்கணக்கில் மரநிழலில் கட்டாக நின்றிருக்கும். வெட்டிய முனை மண்ணில் பதிந்திருக்கும். மேல்தோலை எதில் முக்கினாலும் வெட்டுவாய் வழியே உள்ளே போனதைத் தொட முடியாது.

யார் மேல் பழி

சப்கல்ச்சர் முடிந்த ஐந்தாம் நாள் எங்கள் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. மூன்று நாள் ஏசி இல்லை. 25 டிகிரியில் இருக்க வேண்டிய அறை 35-ஐத் தொட்டது. அது முடிந்து இரண்டாம் நாள் வளையம் தெரிந்ததால், எல்லோரும் முதலில் சொன்னது “ஏசி போச்சு, அதான்.” அது பாதி உண்மை. வெப்பம் பாக்டீரியாவை உண்டாக்காது; இருப்பதைப் பெருக்கும்.

அடுத்த சந்தேகம் ஆட்டோகிளேவ். அதன் மீட்டர் அழுத்தத்தைக் காட்டும், வெப்பத்தை அல்ல. உள்ளே காற்று முழுக்க வெளியேறாமல் வால்வை மூடினால் முள் 15 பவுண்டைக் காட்டிக்கொண்டிருக்கும், பாட்டிலோ 121 டிகிரியை எட்டியிருக்காது. ஒட்டும் நாடாவில் கறுப்புக் கோடு வந்துவிட்டது என்று நிம்மதியடைவதும் தப்பு. சூடு பட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. ஆனால் ஒவ்வொரு மீடியா தொகுப்பிலும் செடி வைக்காத வெறும் பாட்டில் 20-ஐ ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கம். மூன்று நாள் வெக்கையில் அவையும்தான் அதே அறையில் இருந்தன. ஒன்றிலும் எதுவும் வளரவில்லை. ஆட்டோகிளேவ் தப்பித்தது. லேமினாருக்குள் அரை மணி நேரம் திறந்துவைத்த ஊட்டத் தட்டுகளும் வெறுமையாகவே வந்தன. காற்றும் தப்பித்தது.

மீதி இருந்தது கை. ஆள்வாரியாகக் கணக்கெடுத்தேன். மூத்த உதவியாளர் போட்டது 180 பாட்டில். அதில் 112 கெட்டிருந்தது. மற்ற இருவரும் சேர்ந்து போட்ட 360-இல் 69 மட்டும். இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது என்று நினைத்தேன். அவரை லேமினாரிலிருந்து எடுத்து, பாட்டில் கழுவும் பக்கம் அனுப்பினேன். ஏழு வருடம் கத்தி பிடித்தவர். ஒன்றும் சொல்லாமல் போனார்.

நான்கு நாள் கழித்து, கழுவிய பாட்டில் கூடையோடு வந்து நின்றார். “மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா? என் கையில இருந்து வந்திருந்தா எல்லா லைன்லயும் ஒரே மாதிரி வந்திருக்கணுமுங்களே. நான் போட்டதுல ஆறாம் லைனு பாருங்க, காலையில போட்டது அத்தனையும் சுத்தமா இருக்கு.”

பாட்டில் மூடியில் நாங்கள் எழுதுவது நான்கு: தேதி, தாய்ச்செடி வரிசை, ஆளின் முதலெழுத்து, அன்றைக்கு எத்தனையாவது பாட்டில் என்ற எண். அந்த நான்காவது எண்ணை ஏன் எழுதுகிறோம் என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

எண்கள் சொன்னது

அன்றிரவு 540 மூடிகளையும் நோட்டில் ஏற்றினேன். ஆறு வரிசை, வரிசைக்கு 90 பாட்டில். மூன்றாம் வரிசையில் 90-க்கு 84 கெட்டிருந்தது. அதை யார் போட்டார்கள் என்பது பொருட்டே இல்லை: மூத்தவர் போட்ட 62-இல் 58, மற்றவர்கள் போட்ட 28-இல் 26. மூன்றாம் வரிசையில் பெரும்பங்கை அவரிடம் கொடுத்தது நான். அந்த வரிசைச் செடிகளின் கணு நெருக்கம், வெட்டப் பழகிய கை வேண்டும் என்பதால். அவருடைய எண் பெரிதாகத் தெரிந்ததற்கு முதல் காரணம் என் வேலைப் பங்கீடு.

மற்ற ஐந்து வரிசைகளில் கெட்டவை 97. இவற்றை நான்காவது எண்ணோடு வைத்துப் பார்த்தபோதுதான் முதுகு நிமிர்ந்தது. 97-இல் 91, அதே அமர்வில் மூன்றாம் வரிசைக்குப் பிறகு போட்டவை. மூன்றாம் வரிசை முடிந்ததும் வந்த முதல் பத்து பாட்டில் ஏறக்குறைய முழுக்கக் கெட்டிருந்தது. அடுத்த பத்தில் பாதி. இருபதைத் தாண்டினால் ஒன்றோ இரண்டோ. மூக்குப்பொடி டப்பாவைத் தொட்ட விரலைத் துடைத்துக்கொண்டே போனால் வாசனை குறைந்துகொண்டே போவதுபோல. மிச்சம் ஆறு, மறுநாள் காலை முதலில் போட்டவை. இரவு முழுக்க இடைவெளி, மேசையைத் துடைத்து, புற ஊதா விளக்குப் போட்டு, புதுக் கையுறை மாட்டி உட்கார்ந்தும் முதல் பாட்டில்களே கெட்டிருக்கின்றன. முதல் நாளிலிருந்து மறுநாளுக்கு மாறாமல் வந்தது மேசையில் ஒன்றே ஒன்றுதான்: ஃபோர்செப்ஸையும் (இடுக்கி) கத்திப் பிடியையும் நிறுத்தி வைக்கும் ஆல்கஹால் ஜாடி.

வாரம் ஒருமுறைதான் அதை மாற்றிக்கொண்டிருந்தோம்.

ஜாடியின் அடியில் படிந்ததைச் சுழற்றியெடுத்து நியூட்ரியன்ட் அகார் தட்டில் பரப்பினோம். இரண்டாம் நாள் தட்டையான, மங்கல் வெள்ளை நிறத்தில் ஓரம் சுருங்கிய கூட்டங்கள். மூன்றாம் வரிசைப் பாட்டிலின் வளையத்திலிருந்து எடுத்ததும் அதே தோற்றம். கிராம் சாயத்தில் இரண்டும் ஊதாக் கோல்கள். மாலக்கைட் பச்சை ஏற்றிப் பார்த்தால் சிவப்புக் கோலுக்குள் பச்சைப் புள்ளி. ஸ்போர், அதாவது வித்து. பேசில்லஸ் கூட்டம்.

இதற்குமேல் விளங்காமல் இருக்க வழியில்லை. 70 சதவீத ஆல்கஹால் வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும், வித்தைக் கொல்லாது. பேசில்லஸ் வித்து ஆல்கஹாலில் நெடுநாள் உயிரோடு கிடக்கும் என்பதைப் பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பயஸ் தாமஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். திசு வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வாழும் பாக்டீரியாக்கள் பற்றியும் அவருடைய கட்டுரைகள் உண்டு. நான் படித்திருந்தேன். படித்தவை வேறொருவர் ஆய்வகத்தைப் பற்றியவை என்று நினைத்துக்கொள்வது சுலபம்.

“ஆனால் தீயில் காட்டுகிறோமே” என்று கேட்கலாம். ஆல்கஹாலில் முக்கி விளக்கில் காட்டினால் நீலச்சுடர் இரண்டு மூன்று நொடி எரிந்து அணையும். எரிவது ஆல்கஹால். உலோகம் அதற்குள் வித்தைக் கொல்லும் சூட்டுக்குப் போவதில்லை. முனையில் மரவள்ளிப் பாலும் அகாரும் ஒட்டியிருந்தால் வித்துக்கு அது போர்வை வேறு. அவசரத்தில் ஆறவிடாமல் செடியைத் தொட்டால் இலை கருகும் என்று பயந்து, நாங்கள் இன்னும் குறைவாகத்தான் சூடேற்றிக்கொண்டிருந்தோம்.

ஏன் நான்கு மாதம்

முராஷிகேயும் ஸ்கூகும் 1962-இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த மீடியாவைத்தான் இன்றும் எல்லோரும் ஊற்றுகிறோம். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, நிறைய உப்பு, அமிலத்தன்மை (pH) 5.8. பூஞ்சைக்கு அது விருந்து. பல பாக்டீரியாக்களுக்கு அது அரைப் பட்டினி; அமினோ அமிலம் போதாது, உப்பு அதிகம். அதனால் செடிக்குள்ளேயே சிறு எண்ணிக்கையில் இருந்துகொள்ளும். ஒவ்வொரு முறை கணுவை வெட்டும்போதும் வெட்டுவாயில் சாறு கசியும். அதில் கொஞ்சம் பெருகும். மறுபடி அடங்கும். மூன்று நாள் 35 டிகிரி கிடைத்ததும் பொங்கிவிட்டது.

இன்னொரு காரணம் அற்பமானது: மீடியாவை உறையவைக்கும் அகார். விலை குறைந்த அகார் கொஞ்சம் கலங்கலாக உறையும். அதற்குள் மெல்லிய வெண்வளையம் தெரியாது. மூன்றாம் சப்கல்ச்சரின் பாட்டில்கள் சில கழுவப்படாமல் மூலையில் கிடந்தன. அவற்றை அடியிலிருந்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தோம். மூன்றாம் வரிசையில் வளையம் அப்போதே இருந்தது. ஒரு மாதம் முன்பே கண்ணெதிரில் இருந்ததை மேலிருந்து பார்த்து, இலை பச்சை என்று எழுதி வைத்திருக்கிறோம்.

வெளித்தோலில் இருந்து வந்ததா, உள்ளிருந்தா என்பதைத் தாய்ச்செடியிடமே கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் தாய்ச்செடியின் தண்டை மேற்புறம் கிருமி நீக்கி, கடைசி அலசல் நீரை ஒரு தட்டில் பரப்பினோம்; எதுவும் வளரவில்லை. அதே தண்டைக் குறுக்கே சீவி வில்லைகளை இன்னொரு தட்டில் வைத்தோம். 36 மணி நேரத்தில், நாளங்கள் வளையமாக நிற்கும் இடத்தை ஒட்டி அதே மங்கல் வெள்ளை. மற்ற ஐந்து தாய்ச்செடிகளின் வில்லைகள் சுத்தம்.

ஏன் அது மட்டும்? ஐந்து செடிகள் தொட்டியில். மூன்றாவது, முதலில் வைத்தது பட்டுப்போய் பிறகு கொண்டுவந்தது. தொட்டி இல்லையென்று நிழல்வலைக் கூடத்திலேயே பாத்தியில் நட்டோம். அந்தப் பாத்திக்கு வேரழுகல் வராமல் இருக்க, உயிரியல் மருந்துப் பொடியைக் கரைத்து இரண்டு முறை ஊற்றியிருக்கிறோம். பொடியின் பெயர் பேசில்லஸ் சப்டிலிஸ். பையில் மிச்சமிருந்ததைத் தட்டில் போட்டபோது வந்த கூட்டமும் அச்சாக அப்படித்தான் இருந்தது. தோற்றத்தை வைத்து ஒரே வகை என்று தீர்ப்பெழுத முடியாதுதான். ஆனால் அந்தப் பையைப் பார்த்து நானும் மூத்த உதவியாளரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு, அந்த மாதத்தில் நாங்கள் சிரித்த ஒரே சிரிப்பு. வயலில் அது செடிக்கு நண்பன். எங்கள் கெட்ட பாட்டில்களில் வந்த செடிகள் சில, தொட்டிக்கு மாற்றியதும் மற்றவற்றைவிடத் திடமாகவே வேர்விட்டன. பாட்டிலுக்குள் சர்க்கரையைப் பங்குபோட வரும்போதுதான் அது பகை.

மருந்தும் நுனியும்

மூன்றாம் வரிசை தேமலுக்கு நன்றாகத் தாக்குப்பிடித்த செடி. விட மனமில்லை. 30 பாட்டிலில் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வைத்தோம். சூட்டில் சிதையும் என்பதால் மீடியா ஆறியபின் வடிகட்டிச் சேர்த்தோம். வளையம் மறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மருந்தில்லாத மீடியாவுக்கு மாற்றிய இரண்டாவது சுற்றில் 27 பாட்டிலில் திரும்பி வந்தது. பாக்டீரியா சுவர் கட்டும்போது குலைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. தூங்கும் வித்து சுவர் கட்டுவதில்லை. பத்துப் பாட்டிலில் ஸ்ட்ரெப்டோமைசினும் பார்த்தோம். புது இலைகள் வெளுத்துப் போயின. இலையின் பச்சையத் துகளுக்குள் இருக்கும் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதைப் போன்றது, மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆன்டிபயாடிக் வேலைக்கே ஆகாது என்று சொல்ல மாட்டேன். அது பெரும்பாலும் அடக்கிவைக்கும். அடக்கிவைத்ததைச் சுத்தம் என்று எண்ணித் தொடர்ந்து பெருக்குவதுதான் ஆபத்து.

“நுனியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டா போதும்” என்பார்கள் பலர். ஒரு சென்டிமீட்டர் நுனியில் நாளம் இருக்கிறது. வேண்டியது, நாளம் உருவாகாத அந்த நுனிமுனை மட்டும். ஆகவே முதலிலேயே செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தோம்: நுண்ணோக்கிக்கு அடியில், ஒற்றை இலைமுகிழ் மட்டும் ஒட்டியிருக்க, அரை மில்லிமீட்டருக்குள் 22 நுனிகள். ஊசிமுனை ஒவ்வொரு நுனிக்கும் புதிது. பிழைத்தது 9. அந்த ஒன்பதின் அடித்துண்டையும் ஒவ்வொரு சுற்றிலும் 523 என்று அழைக்கப்படும் மீடியாவில் தேய்த்துப் பார்த்தோம். ஈஸ்ட் சாறும் கேசின் ஹைட்ரோலைசேட்டும் உள்ள மீடியா அது; செடி மீடியாவில் பட்டினி கிடக்கும் பாக்டீரியா இதில் வெளியே வந்துவிடும். இரண்டு தோற்றது. ஏழு நின்றது.

181-இல் சோதனைக்கு எடுத்தது போக மீதிப் பாட்டில்களை எல்லாம் மூடி திறக்காமல் ஆட்டோகிளேவில் வைத்துக் கொன்றோம். மூன்றாம் வரிசையில் சுத்தமாகத் தெரிந்த ஆறையும் சேர்த்து. மற்ற வரிசைகளில் சுத்தமாக நின்ற 353-ஐத் துண்டுக்குத் துண்டு 523-இல் தேய்த்தோம். அவற்றிலும் 19 உள்ளுக்குள் சுமந்துகொண்டிருந்தது. அந்தப் பருவ நடவுக்கு உழவர் குழுவுக்குச் செடி கொடுக்க முடியவில்லை. தொலைபேசியில் அதைச் சொன்னபோது மறுமுனையில் இருந்தவர், “பரவாயில்லீங்க, பழைய குச்சியே நட்டுக்கறோம்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

2006-இல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை கொண்டுவந்த திசு வளர்ப்புச் செடிச் சான்றளிப்பு முறை உண்டு. வைரஸ் இருக்கிறதா, மரபு மாறியிருக்கிறதா என்பதற்கு அதில் சோதனை இருக்கிறது. வாழைக் கன்று வாங்குபவர்களுக்கு அது பெரிய காவல். செடிக்குள் சும்மா இருக்கும் பேசில்லஸைத் தேடுவது அதன் வேலை அல்ல. அது ஆய்வகத்துக்காரர் தலைவலி, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஆல்கஹால் ஜாடி மேசையைத் துடைக்க மட்டும். கருவிகளுக்கு 250 டிகிரி கண்ணாடி மணிச் சூடாக்கி வாங்கினோம். முனையை முதலில் ஈரத் துணியில் துடைத்து, சூடான கண்ணாடி மணிகளுக்குள் இருபது நொடி. ஆறவைக்க மூன்று செட் ஃபோர்செப்ஸ் சுழற்சியில். வரிசை மாறும்போது ஆட்டோகிளேவ் செய்த புதுச் செட். தாய்ச்செடிகள் ஆறும் மேசை மேல் தொட்டியில், தண்ணீர் வேருக்கு மட்டும், இலைமேல் தெளிப்பதில்லை. உயிரியல் மருந்துப் பை தோட்டத்துப் பக்கம் போய்விட்டது. முதல் கணு வெட்டும் நாளிலேயே அடித்துண்டு 523-க்குப் போகிறது. மூன்று சுற்றுத் தாண்டாத வரிசை பெருக்கத்துக்கு வராது. நோட்டில் ஆள்வாரிக் கணக்குப் பத்தியை எடுத்துவிட்டேன், தாய்ச்செடி வரிசைவாரியும் அன்றைய பாட்டில் எண்வாரியும்தான் இருக்கிறது.

மூத்த உதவியாளர் ஐந்தாம் நாளே லேமினாருக்குத் திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்டபோது, “விடுங்க மேடம், பாட்டிலும் கழுவத்தானே வேணும்” என்றார். மூன்றாம் வரிசையின் அந்த ஏழும் இன்று எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது; சோதனையில் இதுவரை எதுவும் எழவில்லை. ஆனாலும் அவர் அவற்றைக் காலையில் தொடுவதில்லை. மற்ற ஐந்து வரிசையும் முடித்து, மேசையைத் துடைத்து, மாலையில் கடைசியாகத்தான் அந்தத் தட்டை எடுத்துவரச் சொல்கிறார்.